உங்களுக்குத் தெரியுமா? கொழுப்பு மாத்திரையும் கிட்னிக் கணக்கும்

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் மூன்று மாத்திரைகள் ஒன்றாகவே குடியேறுகின்றன. இனிப்பு நீருக்கு ஒன்று, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. முதல் இரண்டையும் பற்றி வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். மூன்றாவதை இரவில் விழுங்கிவிட்டு மறந்துவிடுவார்கள். சிறுநீரகம் தளரும்போது அந்த மூன்றாவது மாத்திரையின் அளவு சிலருக்கு மாற வேண்டும், சிலருக்கு மாறவே வேண்டாம். யாருக்கு எது என்று பார்ப்போம்.

1. கிட்னிக்குப் பயந்து கைவிட்ட முதல் மருந்து

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான அகிரா எண்டோ. தோக்கியோவில் சாங்கியோ நிறுவனத்தில் 1971-இல் ஆய்வைத் தொடங்கி, ஏறக்குறைய 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்தார். முதலில் கிடைத்த பொருள் சிட்ரினின். அது எலிகளின் கொழுப்பைக் குறைத்தது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்தது. அதை ஒதுக்கிவிட்டுத் தேடலைத் தொடர்ந்தார். 1973-இல், கியோத்தோ தானியக் கடை ஒன்றின் அரிசியில் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து உலகின் முதல் ஸ்டாட்டின் கிடைத்தது. எண்டோ 2024-இல் தம் 90-ஆவது வயதில் காலமானார்.

2. சிவப்பு அரிசிக் குளிகை வெறும் உணவல்ல

சீன மருந்துக் கடைகளில் கிடைக்கும் அங்காக், அதாவது பூஞ்சை சேர்த்துப் புளிக்க வைத்த சிவப்பு அரிசி, சமையலில் நிறத்துக்கும் மணத்துக்கும் சேர்ப்பது. அதில் உள்ள மொனகோலின் கே என்ற பொருளும், 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் மாத்திரையும் ஒரே வேதிப்பொருள்தான். எனவே 'இயற்கைக் குளிகை' என்று இதை வாங்கி விழுங்குபவர், எவ்வளவு மில்லிகிராம் என்றே தெரியாமல் ஸ்டாட்டின் சாப்பிடுகிறார். டாக்டர் கொடுத்த மாத்திரையும் உள்ளே போனால் அளவு கூடிவிடுகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. சரியாகத் தயாரிக்காத சிவப்பு அரிசியில் சிட்ரினின் கலந்திருக்கலாம். எண்டோ கிட்னிக்கு ஆகாது என்று தள்ளிவைத்த அதே பொருள்.

3. வேலை கல்லீரலில், கவலை கிட்னியில்

ஸ்டாட்டின் வேலை செய்யும் இடம் கல்லீரல். அங்கே கொழுப்பு உற்பத்தியாவதைக் குறைக்கிறது. உடனே கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருக்கும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. வேலை முடிந்த மருந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில்தான் மாத்திரைக்கு மாத்திரை வேறுபாடு. அட்டோர்வாஸ்டாட்டினில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே சிறுநீரில் போகிறது. அதனால் கிட்னி தளர்ந்தவருக்கும் அதன் அளவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரோசுவாஸ்டாட்டின் அப்படியல்ல. கிட்னி கடுமையாகப் பழுதானவரின் ரத்தத்தில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு தேங்குகிறது.

4. பத்தைத் தாண்டக் கூடாது

சிறுநீரக வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இறங்கி, இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டினை 5 மில்லிகிராமில் தொடங்க வேண்டும், 10-ஐத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க மருந்து விதி. ஐரோப்பாவில் இத்தகையவர்களுக்கு இந்த மருந்தே கூடாது. சிம்வாஸ்டாட்டினிலும் கவனம் வேண்டும். கடுமையான கிட்னிப் பழுது உள்ளவருக்குக் குறைந்த அளவில் தொடங்கி, கண்காணித்தபடியே கொடுக்க வேண்டும்.

5. விதி இருக்கிறது, நடக்கிறதா?

அமெரிக்காவில் ரோசுவாஸ்டாட்டினையும் அட்டோர்வாஸ்டாட்டினையும் புதிதாகத் தொடங்கிய 9 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்த முடிவு 2022-இல் வெளியானது. திறன் 30-க்குக் கீழே இருந்து ரோசுவாஸ்டாட்டின் பெற்றவர்களில் 44 சதவீதத்தினருக்கு, விதித்த 10 மில்லிகிராமுக்கு மேல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சிறுநீரில் புரதமும் ரத்தமும் கசிவது ரோசுவாஸ்டாட்டின் தரப்பில் சற்றுக் கூடுதலாக இருந்தது. அங்கேயே இப்படி என்றால், நாம் நம் மருந்துச் சீட்டை ஒரு முறை கேட்டுச் சரிபார்ப்பதில் தவறே இல்லை.

6. நம் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும் மருந்து

வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் என நான்கு இனத்தவருக்கும் சிங்கப்பூரில் ஒரே அளவு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்து ரத்தத்தை அளந்தார்கள். முடிவு 2005-இல் வெளிவந்தது. வெள்ளையரோடு ஒப்பிட்டால் சீனருக்கு 2.31 மடங்கு, மலாய்க்காரருக்கு 1.91 மடங்கு, இந்தியருக்கு 1.63 மடங்கு மருந்து ரத்தத்தில் இருந்தது. எல்லோரும் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள், எனவே தண்ணீரையோ வெயிலையோ காரணம் சொல்ல முடியாது. ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்க வேண்டும் என்ற விதி வந்ததற்கு இத்தகைய அளவீடுகளே காரணம். ஜார்ஜ் டவுனில் வாழும் மூவினத்தாருக்கும் இது அப்படியே பொருந்தும்.

7. இரட்டித்தால் இரட்டிப்புப் பலன் இல்லை

ஸ்டாட்டின் அளவை இரண்டு மடங்காக்கினால் எல்டிஎல் மேலும் 6 சதவீதம் அளவுக்கே குறையும். பெரும் பகுதிப் பலன் முதல் அளவிலேயே கிடைத்துவிடுகிறது. பக்க விளைவு மட்டும் அளவோடு சேர்ந்து ஏறும். கிட்னி தளர்ந்தவருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

8. மலேசியர்களும் பங்கெடுத்த பெரிய ஆய்வு

அளவைக் கூட்டாமல் கொழுப்பை இன்னும் குறைக்க வழி உண்டா? 'ஷார்ப்' என்ற ஆய்வு அப்படி ஒரு வழியைச் சோதித்தது. மலேசியா உட்பட 18 நாடுகளில் 9,270 சிறுநீரக நோயாளிகள் பங்கெடுத்தார்கள். சிம்வாஸ்டாட்டினை 20 மில்லிகிராமோடு நிறுத்திக்கொண்டு, குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸட்டிமைப் 10 மில்லிகிராமைக் கூடவே கொடுத்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ரத்தக்குழாய் பாதிப்புகள் 17 சதவீதம் குறைந்தன. எஸட்டிமைபின் அளவைக் கிட்னிக்காக மாற்ற வேண்டியதில்லை. நம் நாட்டு நோயாளிகள் கொடுத்த ரத்த மாதிரியும் பொறுமையும் உலகத்துக்கே வழிகாட்டியிருக்கின்றன.

9. கிட்னி நோயாளிகளுக்கென்று ஓர் அளவுப் பட்டியல்

சிறுநீரக மருத்துவத்துக்கான உலக வழிகாட்டு அமைப்பு கேடிகோ, 2013-இல் ஒரு பட்டியல் கொடுத்தது. வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே உள்ளவருக்கு ஆய்வில் பாதுகாப்பானவை என்று தெரிந்த அன்றாட அளவுகள் இவை:

அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி.
ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி.
சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி.
பிராவாஸ்டாட்டின் 40 மி.கி.
ஃப்ளுவாஸ்டாட்டின் 80 மி.கி.
பிட்டாவாஸ்டாட்டின் 2 மி.கி.

50 வயது தாண்டிய, டயாலிசிஸுக்குப் போகாத கிட்னி நோயாளிகள் எல்லோருக்கும் ஸ்டாட்டின் பரிந்துரைக்கப்படுகிறது. அதே அமைப்பு 2024-இல், எல்டிஎல்லை இயன்ற அளவு குறைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள் என்று சேர்த்துச் சொன்னது. இதய நோயும் உள்ளவருக்கு டாக்டர் பட்டியலைத் தாண்டிப் போகலாம். அந்த முடிவு அவருடையது. மாத்திரைப் பெட்டியின் முன்னால் நின்று நாம் எடுப்பதல்ல.

10. டயாலிசிஸில் இருப்பவருக்கு வேறு விதி

ஜெர்மனியில் டயாலிசிஸ் செய்துகொண்ட 1,255 நீரிழிவு நோயாளிகளுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வந்த முடிவில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. 2009-இல், 2,700-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளிடம் ரோசுவாஸ்டாட்டினைச் சோதித்த 'அரோரா' ஆய்வும் அதையே சொன்னது. அதனால் டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புதிதாக ஸ்டாட்டின் ஆரம்பிக்க வேண்டாம் என்பது பொது வழிகாட்டுதல். முன்பிருந்தே சாப்பிட்டு வருபவர் தொடரலாம். 'அவருக்கு வேண்டாமாம்' என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதைக் கேட்டு நிறுத்தாதீர்கள். அவர் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு.

11. சுத்திகரிப்பு நாளிலும் அதே நேரம்

அட்டோர்வாஸ்டாட்டின் ரத்தப் புரதத்தோடு 98 சதவீதத்துக்கு மேல் ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸ் இயந்திரம் அதை வெளியே இழுப்பதில்லை. சுத்திகரிப்பு நாளென்று தனியாகக் கூட்டவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

12. பாஸ்பரஸ் மாத்திரை செய்யும் இன்னொரு உதவி

டயாலிசிஸ் நோயாளிகள் சிலர் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த சாப்பாட்டோடு விழுங்கும் செவலாமர், குடலில் பித்த அமிலங்களையும் பிடித்துக்கொள்கிறது. அதனால் எல்டிஎல்லும் இறங்குகிறது. ரத்த முடிவைப் படிக்கும்போது இதையும் டாக்டர் கணக்கில் கொள்வார்.

13. நூறில் ஐந்து பேருக்குத்தான் தெரியும்

மலேசியாவில் பெரியவர்களிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் 2011-இல் 9.07 சதவீதமாக இருந்தது. 2018-இல் 15.48 சதவீதமாக உயர்ந்தது. நெஞ்சை உறுத்தும் எண் இனிமேல்தான் வருகிறது. நோய் உள்ளவர்களில் 5 சதவீதத்தினர்தான் அதை அறிந்திருந்தார்கள். மற்றவர்கள் எந்த மாத்திரை எவ்வளவு என்று கேட்கும் இடத்துக்கே வரவில்லை. 2023-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு, 33.3 சதவீதத்தினருக்கு, கொழுப்பு கூடுதல். 15.6 சதவீதத்தினருக்கு இனிப்பு நீர்.

14. ஒரே கிரியாட்டினின், இரண்டு கிட்னிகள்

ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் 110 என்றிருக்கிறது. 30 வயது இளைஞருக்கு அதன் பொருள், வடிகட்டும் திறன் ஏறக்குறைய 80. அதே 110, 75 வயதுப் பாட்டிக்கு ஏறக்குறைய 45. அவர் மூன்றாம் நிலை நோயாளியாக இருக்கக்கூடும். 2021-ஆம் ஆண்டின் சூத்திரம் தரும் கணக்கு இது. எனவே கிரியாட்டினினை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஈஜிஎஃப்ஆர் என்ற வரியைத் தேடுங்கள். மாத்திரை அளவு அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

15. சென்னையில் 100, பினாங்கில் 2.6

இரண்டும் ஒரே கொழுப்பு. இந்தியாவில் மில்லிகிராமில் அளக்கிறார்கள், மலேசியாவில் மில்லிமோலில். மலேசிய எண்ணை 38.67-ஆல் பெருக்கினால் இந்திய எண் வரும். 1.8 என்றால் 70, 5.2 என்றால் 200. கிரியாட்டினினில் இந்தியாவின் 1 என்பது இங்கே 88. சென்னைச் சொந்தக்காரரோடு தொலைபேசியில் எண்களை ஒப்பிட்டுப் பதறுவதற்கு முன்னால் அலகைக் கேளுங்கள்.

16. 'நார்மல்' என்ற சொல் ஏமாற்றும்

கிட்னி தளரும்போது டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்கும். எல்டிஎல் மட்டும் சாதாரணமாகவே தோன்றலாம். ஆனால் கிட்னி நோயாளிகளில் மிகப் பலர் டயாலிசிஸ் கட்டிலுக்குப் போகும் முன்பே இதய நோய்க்குப் பலியாகிறார்கள். அதனால்தான் எல்டிஎல் சரியாக இருந்தும் டாக்டர் மாத்திரை எழுதுகிறார்.

17. தண்ணீர்மலைப் படியா, மாத்திரையா?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்கினால் தொடை வலிக்கும். ஓரிரு நாளில் தீரும். மாத்திரையால் வரும் தசை வலி வேறு மாதிரி. பெரும்பாலும் இரு தொடைகளிலும் அல்லது இரு தோள்களிலும் சமமாக, காரணமே இல்லாமல் தொடரும். வலியோடு தளர்ச்சியும் சேர்ந்து, சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து அதன் புரதம் கிட்னியை அடைக்கிறது என்பதன் அறிகுறி அது. இது மிக அரிது. ஆனால் கிட்னி நோய், முதுமை, தைராய்டு குறைவு ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. மலையேறிய மறுநாள் தசைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால், ஏறியதாலேயே எண் உயர்ந்திருக்கும். டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

18. ஒரு ஸ்டாட்டினையே உலகம் திரும்பப் பெற்றது

செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. தசைச் சிதைவும் அதைத் தொடர்ந்த கிட்னிச் செயலிழப்பும் 52 உயிர்களைக் குடித்ததாக அப்போது பதிவாகியிருந்தது. கூடிய அளவில் சாப்பிட்டவர்களும், ஜெம்ஃபிப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தைச் சேர்த்து விழுங்கியவர்களும் அதில் பலர். அளவும் ஜோடியும் எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் கற்ற பாடம் அது.

19. சேரக் கூடாத ஜோடிகள்

ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின், கிட்னி நோயாளிகள் பலரின் பையில் இருக்கும் மாத்திரை. அதோடு சிம்வாஸ்டாட்டின் என்றால் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சளி, இருமலுக்குத் தரும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் சாப்பிடும் நாட்களில் சிம்வாஸ்டாட்டினை டாக்டரைக் கேட்டு நிறுத்திவைக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் சாப்பிடும் சைக்ளோஸ்போரினோடு சிம்வாஸ்டாட்டின் சேரவே கூடாது. ஃபெனோஃபைப்ரேட்டுக்கு, கிட்னி தளர்ந்தால் அளவு குறைய வேண்டும். கடுமையாகப் பழுதானால் அது ஆகாது. தனியார் கிளினிக்கில் காய்ச்சலுக்குப் போனாலும் முழு மருந்துப் பட்டியலையும் காட்டுவது அதனால்தான் அவசியம்.

20. பம்ளிமாஸின் உறவுக்காரர்

திராட்சைப்பழம் போலக் கொத்தாகக் காய்ப்பதால் கிரேப்ஃப்ரூட் என்று பெயர் பெற்ற பழம், ஆரஞ்சுக்கும் பம்ளிமாஸுக்கும் பிறந்த கலப்பினம். அதன் சாறு குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்குவதால் சிம்வாஸ்டாட்டின் ரத்தத்தில் பெருகிவிடும். அட்டோர்வாஸ்டாட்டினும் கூடும். நம் ஊர்ச் சந்தைகளில் குவியும் பம்ளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

21. மாத்திரை தடுக்காத ஒன்று

காவடித் தடியின் இரு முனைகளிலும் பானைகளைக் கட்டித் தோளில் சுமந்து தமிழ் முஸ்லிம்கள் சோறு விற்றதால் வந்த பெயர் நாசி கண்டார். அது பினாங்கின் பெருமை. ஆனால் நாலு குழம்பையும் சோற்றில் வெள்ளமாக ஊற்றச் சொல்லும்போது உப்பும் வெள்ளமாக வருகிறது. ஒரு நாளுக்கு 5 கிராம் உப்புதான் உச்சவரம்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஸ்டாட்டின் கொழுப்பைக் குறைக்கும், உப்பைக் குறைக்காது. குழம்பை ஓரமாக, அளவாகக் கேளுங்கள்.

22. நோன்பு நாட்களில் நேரம்

சிம்வாஸ்டாட்டின் உடலில் சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் இரவில் சாப்பிடச் சொல்வார்கள். அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நெடுநேரம் தங்குவதால் எந்த நேரமும் சரி, தினமும் அதே நேரமாக இருந்தால் போதும். ரமலானில் நோன்பு திறந்த பிறகோ ஸஹரிலோ எடுத்துக்கொள்ளலாம். மாத்திரையை விட்டுவிட வேண்டிய தேவையே இல்லை.

23. பெட்டியில் ஓர் எழுத்து

மலேசியாவில் ஸ்டாட்டின் மாத்திரைகள் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் 'பி' பிரிவில் உள்ளவை. டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பதிவு பெற்ற ஒவ்வொரு மருந்திலும் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். அதில் இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து 'ஏ' என்றால் இத்தகைய கட்டுப்பாட்டு மருந்து, 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் சத்துப்பொருள். எண்ணே இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

24. விமானத்தில் வரும் அட்டைகள்

சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. போய்வருபவர்கள் கையோடு மாத்திரை அட்டைகளையும் வாங்கி வருவதுண்டு. பெயர் வேறாக இருக்கலாம், உள்ளே இருப்பது அதே ஸ்டாட்டினாக இருக்கலாம், மில்லிகிராம் இரு மடங்காகவும் இருக்கலாம். அண்ணனுக்கு ஒத்துக்கொண்ட 20 மில்லிகிராம், கிட்னி தளர்ந்த தம்பிக்கு நஞ்சாகலாம். மருந்தை அன்பளிப்பாகக் கொடுக்காதீர்கள், வாங்கவும் செய்யாதீர்கள்.

25. அடுத்த முறை கேட்க மூன்று கேள்விகள்

ரெசிடென்சி சாலைப் பெரியாஸ்பத்திரியோ, பக்கத்துச் சுகாதார கிளினிக்கோ, தனியார் டாக்டரோ, எங்கே போனாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். என் ஈஜிஎஃப்ஆர் எவ்வளவு? இந்தக் கொழுப்பு மாத்திரையின் அளவு அந்த எண்ணுக்குச் சரியானதா? என் மற்ற மாத்திரைகளோடு இது சேருமா? வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும், குளிகைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்தாளரிடம் காட்டினாலும் பார்த்துச் சொல்வார். நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அப்பா, அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அவர்கள் கேட்கத் தயங்கினால், கூடப் போய் நீங்கள் கேளுங்கள்.